இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: கம்யூனிஸ்டுகளின் கூட்டணிக் கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

தேர்தல் பேச்சு எப்ப வந்தாலும் கூடவே ஒரு கேள்வியும் வரும். "கம்யூனிஸ்ட்காரங்க ஒரு தேர்தல்ல திமுக கூட, அடுத்த தேர்தல்ல அதிமுக கூட. இதுல புரட்சி எங்க இருக்கு? கொள்கை எங்க இருக்கு?" நியாயமான கேள்விதான். கேட்கிறவங்க பாதி பேர் கிண்டலாகக் கேட்கிறாங்க. மீதி பேர் உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும்னு கேட்கிறாங்க. இன்னிக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவோம்.

எங்க ஊர் ஆயக்குடி. பழனிக்குப் பக்கத்துல, திண்டுக்கல் போற ரோட்டுல இருக்கு. பழனி சட்டமன்றத் தொகுதி. இந்தக் கேள்விக்கு எங்க தொகுதியே ஒரு நல்ல உதாரணம். 1977லும் 1980லும் பழனியில் ஜெயித்தது மார்க்சிஸ்ட் கட்சி. இரண்டு முறையும் எம்ஜிஆரின் அதிமுகவோடு கூட்டணி. 1989ல் மறுபடியும் மார்க்சிஸ்ட் கட்சி ஜெயித்தது. அப்போது திமுகவோடு கூட்டணி. சுத்தியல் அரிவாள் நட்சத்திரம் அப்படியே இருந்தது. பக்கத்துல பறந்த கொடிதான் மாறியது.

பக்கத்துல திண்டுக்கல் தொகுதியைப் பாருங்க. மார்க்சிஸ்ட் கட்சியின் க. பாலபாரதி தொடர்ந்து மூணு முறை எம்எல்ஏ. 2001ல் அதிமுக கூட்டணி, 2006ல் திமுக கூட்டணி, 2011ல் திரும்ப அதிமுக கூட்டணி. 2024 மக்களவைத் தேர்தல்ல திமுக கூட்டணியில் திண்டுக்கல்லில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆர். சச்சிதானந்தம் நாலு லட்சத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இப்போ பழனியும் அந்தத் தொகுதிக்குள்ளதான் வருது.

இன்னும் வேகமான ஒரு உதாரணம் இருக்கு. 1977 மார்ச் மாதம் மக்களவைத் தேர்தல். எமர்ஜென்சியை எதிர்த்த மார்க்சிஸ்ட் கட்சி, தமிழ்நாட்டில் திமுகவோடு சேர்ந்து நின்றது. ஜூன் மாதம் சட்டமன்றத் தேர்தல். அதிமுகவோடு சேர்ந்து நின்றது. நடுவுல மூணே மாசம்!

இதை வெறும் சந்தர்ப்பவாதம்னு சொல்லிட்டு எபிசோடை இங்கயே முடிச்சிடலாம். ஆனா அப்படிச் சொன்னா ஒரு விஷயம் புரியாமலே போயிடும். கூட்டணி என்பது கம்யூனிஸ்டுகளுக்குத் தேர்தல் நேரத்தில் மட்டும் வருகிற சங்கதி இல்லை. அவங்க தத்துவத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிற கேள்வி அது.

கொய்யாச் சந்தையில் ஒரு அரசியல் பாடம்

தத்துவத்தைப் புத்தகத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம். எங்க ஊர் கொய்யாவில் இருந்து ஆரம்பிப்போம்.

ஆயக்குடி கொய்யாவுக்குப் பேர் போன ஊர். இந்த வியாபாரத்தில் யார் யார் இருக்காங்க? தோட்டத்தில் பழம் பறிக்கிற கூலிக்காரங்க. ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வைத்திருக்கிற சின்ன விவசாயி. நிறைய நிலம் வைத்திருக்கிற பெரிய தோட்டக்காரர். கமிஷன் கடைக்காரர். லாரி ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரி.

இப்போ நீங்க கூலிக்காரங்களுக்காகச் சங்கம் ஆரம்பிக்கிறீங்க. கூலி உயர்வு கேட்கிறீங்க. முதல்ல எதிர்க்கப் போறது யாரு? அந்த ரெண்டு ஏக்கர்காரர்தான். அவருக்கே கைக்கும் வாய்க்கும் சரியாத்தான் இருக்கு. ஆனா சீசன்ல வரத்து கூடி விலை விழுந்தா, பறிக்கிற கூலிகூடக் கட்டாதுன்னு அவர் பழத்தை மரத்திலேயே விட்டுடுவார். அன்னிக்குக் கூலிக்காரங்களுக்கும் வேலை கிடையாது. கூலியில் ரெண்டு பேருக்கும் சண்டை. விலையில் ரெண்டு பேரும் ஒரே பக்கம்.

இவங்களை எப்படி ஒண்ணு சேர்ப்பது, எந்தக் கோரிக்கையில் சேர்ப்பது, எந்த இடத்தில் பிரிஞ்சு நிற்பது? ஐக்கிய முன்னணி என்ற கம்யூனிஸ்ட் வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற கேள்வி இதுதான். தொழிலாளி வர்க்கம் தனியாக ஜெயிக்க முடியாது. விவசாயி வேணும், சின்ன வியாபாரி வேணும், படித்த மத்தியதர வர்க்கமும் வேணும். ஆனா ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு இடத்தில் கையை உதறிட்டுப் போகக்கூடியவங்க.

1964ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது சண்டையின் மையத்தில் இருந்ததும் இந்தக் கேள்விதான். கொய்யாச் சந்தையை வைத்தே சொல்றேன். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, அதாவது சிபிஐ, சொன்னது: வெளிநாட்டுப் பெரிய கம்பெனிக்கு எதிரா உள்ளூர் வியாபாரியும் நம்ம கூட வருவார், அவரோடு தலைமையைப் பகிர்ந்துக்கலாம். இதுக்குப் பேர் தேசிய ஜனநாயகப் புரட்சி. மார்க்சிஸ்ட் கட்சி சொன்னது: வர்றவர் வரட்டும், ஆனா தலைமை தொழிலாளியிடம்தான் இருக்கணும், பெரிய முதலாளியும் நிலப்பிரபுவும் எதிரிதான். இதுக்குப் பேர் மக்கள் ஜனநாயகப் புரட்சி. 1967 நக்சல்பாரிக்குப் பிறகு பிரிந்து போனவர்கள் சொன்னது: இந்தச் சந்தைக்குள்ளயே போகாதே. தேர்தலைப் புறக்கணி.

கேட்க வெறும் வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனா 1975ல் எமர்ஜென்சி வந்தப்போ இந்த வித்தியாசம் நிஜமாச்சு. இந்திராவின் காங்கிரஸில் முற்போக்குப் பகுதி இருக்கு என்று நம்பிய சிபிஐ எமர்ஜென்சியை ஆதரித்தது. மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது, அதன் ஆட்கள் பலர் சிறைக்குப் போனாங்க. பின்னால் 1978ல் நடந்த மாநாட்டில் சிபிஐ தன் நிலைப்பாடு தவறு என்று தானே சொன்னது. கூட்டாளியைத் தப்பா எடை போட்டா என்ன விலை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டாம்.

லெனின் சொன்ன கொள்ளைக்காரன் கதை

சரி, சமரசம் என்றாலே துரோகமா? 1920ல் லெனின் 'இடதுசாரி கம்யூனிசம்: இளம்பருவக் கோளாறு' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். யாரோடும் எந்தச் சமரசமும் கிடையாது என்று முறுக்கிக்கொண்டு நின்ற இளம் கம்யூனிஸ்டுகளுக்காக எழுதியது. அதில் ஒரு உதாரணம் வரும். உங்க காரை ஆயுதத்தோட கொள்ளைக்காரங்க மறிக்கிறாங்க. பணம், துப்பாக்கி, கார் எல்லாத்தையும் கொடுத்துட்டு உயிரோடு தப்பிக்கிறீங்க. அதுவும் கொள்ளைக்காரனோடு செய்துகொண்ட சமரசம்தான். இன்னொருத்தர் அதே கொள்ளைக்காரனுக்குப் பணமும் துப்பாக்கியும் கொடுத்து, கொள்ளையில் பங்கு வாங்குகிறார். அதுவும் சமரசம்தான். ரெண்டும் ஒண்ணா?

நான் இன்னிக்குச் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கு. யாரோடு கூட்டணி என்ற கேள்வி ரெண்டாவது கேள்வி. கூட்டணிக்குள்ள போன பிறகு உன் கையில் என்ன மிச்சம் இருக்கு என்பதுதான் முதல் கேள்வி. தேர்தல் முடிஞ்ச மறுநாள், உன் கூட்டாளிக்கு எதிராகவே தெருவில் இறங்க முடியுமா? முடியும்னா அது கூட்டணி. முடியாதுன்னா நீ கரைஞ்சு போயிட்ட.

வெளிநாட்டுக் கூட்டாளிகள்

கம்யூனிஸ்டுகளுக்கு உள்ளூர்க் கூட்டணி மட்டும் போதாது. அது உலக இயக்கம். ஆரம்பமே அப்படித்தான். 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே முதல் மே தினம் அது. அவர் வெளிநாட்டில் இருந்த எம். என். ராயோடு தொடர்பில் இருந்தார். உள்ளூரிலும் சும்மா இல்லை. 1932ல் பெரியார் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த ஆண்டு கடைசியில் ஈரோட்டில் சிங்காரவேலரும் பெரியாரும் சேர்ந்து சமதர்மத் திட்டம் ஒன்றை உருவாக்கினாங்க. சாதி ஒழிப்பும் பொருளாதாரச் சமத்துவமும் ஒரே மேடையில் வந்த அபூர்வமான நேரம். 1934ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தது, பிரிட்டிஷ் அரசின் நெருக்கடி கூடியது, பெரியார் அந்தத் திட்டத்தில் இருந்து பின்வாங்கினார். ஜீவாவும் சிங்காரவேலரும் வேறு வழி போனார்கள். கூட்டணி உடைந்தது. ஆனா 1952 தேர்தலில் பெரியார் கம்யூனிஸ்டுகளை ஆதரித்தார். ஒரு முறை உடைஞ்சது என்றைக்குமே உடைஞ்சதா ஆகிவிடாது.

வெளிநாட்டுக் கூட்டணிக்கு இன்னொரு முகம் இருக்கு. 1941ல் ஹிட்லர் சோவியத் யூனியன் மேல் படையெடுத்தார். அதுவரை ஏகாதிபத்தியப் போர் என்று கட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு அது மக்கள் யுத்தம் ஆனது. சோவியத்துக்குப் பக்கத்தில் பிரிட்டன் நிற்கிறது. அப்போ இங்கே பிரிட்டிஷை எதிர்க்கலாமா? 1942ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கம்யூனிஸ்ட் கட்சி சேரவில்லை. பாசிசத்தை முதலில் தோற்கடிக்கணும் என்ற வாதம் உலகக் கணக்கில் தப்பில்லை. ஆனா மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஜெயிலுக்குப் போன காங்கிரஸ் தொண்டனுக்கு அதை எப்படிப் புரிய வைப்பீங்க? மாஸ்கோவில் மழை பெய்தால் இங்கே குடை பிடிப்பார்கள் என்று கேலி பேசுவாங்களே, அந்தக் கேலி ஒட்டிக்கொள்ள இது ஒரு பெரிய காரணம்.

அப்புறம் 1948. கல்கத்தா மாநாட்டில் கட்சி நேரெதிர்த் திசையில் போனது. நேரு அரசோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆயுதக் கிளர்ச்சிதான் வழி. விளைவு? தலைமறைவு, தடை, சிறை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். கூட்டாளியே வேண்டாம் என்று முடிவெடுத்தா என்ன ஆகும் என்பதற்கு அந்த வருஷங்கள் சாட்சி.

1951 தொடக்கத்தில் கட்சித் தலைவர்கள் நாலு பேர் ரகசியமாக மாஸ்கோ போய் ஸ்டாலினைப் பார்த்தாங்க. அஜய் கோஷ், டாங்கே, ராஜேஸ்வர ராவ், பசவபுன்னையா. ரஷ்யப் பாதையும் வேண்டாம், சீனப் பாதையும் வேண்டாம், இந்திய நிலைமைக்கு ஏற்ற பாதை வேணும் என்ற முடிவோடு கட்சி தேர்தலுக்கு வந்தது. மாஸ்கோவில் போய்க் கேட்டுத்தான் மாஸ்கோவைக் காப்பியடிக்க வேண்டாம்னு தெரிஞ்சுக்கணுமா என்று நீங்க சிரிக்கலாம். நானும் சிரிச்சேன். ஆனா அந்த முடிவுக்குப் பலன் கிடைச்சது. 1952 தேர்தலில் அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்கு 152, கம்யூனிஸ்டுகளுக்கு 62. மதுரையில் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து ஆட்சி கேட்டார்கள். ஆளுநர் ராஜாஜியைத்தான் கூப்பிட்டார். ராஜாஜி கம்யூனிஸ்டுகளையே தன் முதல் எதிரி என்று அறிவித்தார். அதே ராஜாஜியின் சுதந்திரா கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் 1967ல் திமுகவின் ஒரே அணியில் நின்றன! அன்றைக்குக் காங்கிரசைத் தோற்கடிப்பதுதான் பொதுக் காரியம்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு எச்சரிக்கை

கரைஞ்சு போறதுன்னு சொன்னேனே, அது எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா இலங்கைக்குப் போகணும்.

லங்கா சம சமாஜக் கட்சி, ஆசியாவின் வலுவான இடதுசாரிக் கட்சிகளில் ஒன்று. 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோது நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சி எதிர்த்தது. ஒரே மொழி என்று பிடிவாதம் பிடித்தால் நாடு ரெண்டாகும் என்று கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார். தமிழர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிற பேச்சு அது.

1964ல் அந்தக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் சேர்ந்தது. என். எம். பெரேரா நிதியமைச்சர் ஆனார். உலக அளவில் அது அங்கம் வகித்த நான்காம் அகிலம் இதற்காகவே கட்சியை வெளியேற்றியது. 1970ல் மறுபடியும் கூட்டணி, மறுபடியும் ஆட்சி. 1972ல் புது அரசியலமைப்பு. சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். அந்த அரசியலமைப்பை உருவாக்கும் பொறுப்பில் இருந்த அமைச்சர் யார்? அதே கொல்வின் ஆர். டி சில்வா.

கூட்டணி அவங்களுக்கு என்ன கொடுத்தது? பதவி கொடுத்தது, தேசியமயம், நில உச்சவரம்பு மாதிரி சில திட்டங்கள் கொடுத்தது. என்ன எடுத்துக்கிச்சு? தமிழர்களிடம் இருந்த நம்பிக்கையை எடுத்துக்கிச்சு. 1977 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் நிற்கலாம் என்று ஒரு காலத்தில் நம்ப இடம் இருந்தது. அந்த இடம் சுருங்கிப் போன பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நூறு நாள் வேலையும் அணுசக்தி ஒப்பந்தமும்

திரும்ப நம்ம நாட்டுக்கு வருவோம். 2004ல் இடதுசாரிகளுக்கு மக்களவையில் 59 இடங்கள். மன்மோகன் சிங் அரசை வெளியில் இருந்து ஆதரித்தாங்க. அமைச்சர் பதவி வாங்கவில்லை. குறைந்தபட்சப் பொதுத் திட்டம் ஒன்று போட்டாங்க. 2005ல் கிராமப்புற வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2006ல் வன உரிமைச் சட்டம். இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் பல இயக்கங்களின் உழைப்பு இருக்கு, இடதுசாரிகளின் அழுத்தமும் இருக்கு. எங்க ஊர்ப் பக்கம் யாரிடம் கேட்டாலும் 'நூறு நாள் வேலை' தெரியும். தோட்டத்தில் கூலி பேசும்போது ஒரு பெண்ணுக்கு 'முடியாது' என்று சொல்கிற தைரியத்தை அந்த வேலை கொடுத்தது.

2008 ஜூலையில் இடதுசாரிகள் ஆதரவை வாபஸ் வாங்கினாங்க. காரணம், அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம். இந்தியாவை அமெரிக்காவின் பின்னால் கட்டிவிடும் என்பது அவங்க வாதம். அந்த வாதத்தில் பொருள் இருக்கு. ஆனா 2009ல் 59 இடம் 24 ஆகக் குறைந்தது. மேற்கு வங்கத்தில் சிங்கூரும் நந்திகிராமும் அதற்குப் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. நூறு நாள் வேலையில் கூலி பாக்கி என்ற காரணத்துக்காக அரசைக் கவிழ்க்கப் போறோம்னு சொல்லியிருந்தா எங்க ஊரில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? அணுசக்தி ஒப்பந்தம் எத்தனை பேருக்குப் புரிந்தது? 1942ல் வந்த அதே சிக்கல்தான். உலகக் கணக்கு சரியாகவே இருக்கலாம். அதை உள்ளூர்ப் பேச்சில் சொல்லத் தெரியலைன்னா நீ தனியா நிற்பாய்.

கூட்டணிக்குள் சண்டை

இப்போ நம்ம சோதனைக்கு வருவோம். கூட்டாளிக்கு எதிராகத் தெருவில் இறங்கினாங்களா?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டாங்க. கிட்டத்தட்ட எல்லாருமே தலித் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அவங்க மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த சங்கத்தின் ஆட்கள். ஆட்சியில் இருந்தது 1967ல் அதே கட்சி சேர்ந்து ஜெயிக்க வைத்த திமுக. கூட்டணியில் இருந்ததால் அந்த மக்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இதை மறக்காமல் சொல்லியாகணும். நியாயக் கூலிச் சட்டம் அடுத்த ஆண்டு வந்தது, 44 உயிருக்குப் பிறகு. 1971ல் மார்க்சிஸ்ட் கட்சி தனியாக நின்று ஒரு இடமும் ஜெயிக்கவில்லை.

1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக் கடத்தல் தேடுதல் என்று போன வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் பழங்குடி மக்களைச் சூறையாடினாங்க, 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினாங்க. அப்போது அதிமுக ஆட்சி. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் இந்த வழக்கைக் கையில் எடுத்தது. அதுக்கப்புறம் 2001ல் அதே அதிமுகவோடு கூட்டணி. 2011ல் மறுபடியும் கூட்டணி. வழக்கை விட்டாங்களா? விடவில்லை. 2011 செப்டம்பர் 29ல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூட்டணி மாறிக்கொண்டே இருந்த 31 வருஷமும் அந்தச் சண்டை மாறவில்லை.

2023 ஏப்ரல் உங்களுக்கு நல்லா நினைவிருக்கும், முக்கியமா ஐடியில வேலை பார்க்கிறவங்களுக்கு. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடுகிற மசோதாவைத் திமுக அரசு நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளான ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்பு செய்தாங்க. தொழிற்சங்கங்கள் கிளம்பின. திமுகவின் சொந்தத் தொழிற்சங்கத்திலேயே எதிர்ப்பு வந்தது. மே தினத்தன்று முதல்வர் மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் கொடியேற்றி அன்னிக்குச் சரியா நூறு வருஷம்.

அடுத்தது 2024 செப்டம்பர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் சிஐடியு சங்கத்தின் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். 37 நாள் நடந்தது. முக்கியக் கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்யணும். மார்க்சிஸ்ட் கட்சி திமுக கூட்டணியில்தான் இருந்தது, சில மாசத்துக்கு முன்னாடிதான் சேர்ந்து ஜெயித்திருந்தாங்க. அந்த அரசின் போலீஸ் தொழிலாளர்களைக் கைது செய்தது. போராட்டம் நிற்கவில்லை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொண்ணு இருக்கு. அதே 2024 ஜூலையில் தென் கொரியாவில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தாங்க. ஒரே முதலாளி, ரெண்டு நாடு. இன்னிக்கு வெளிநாட்டுக் கூட்டாளி யாருன்னு கேட்டா, நான் எந்த அரசாங்கத்தையும் காட்ட மாட்டேன். அந்தக் கொரியத் தொழிலாளியைத்தான் காட்டுவேன்.

விலை

எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று முடித்தா அது நேர்மையில்லை. 2016ல் ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் திமுக, அதிமுக ரெண்டும் வேண்டாம் என்று மக்கள் நலக் கூட்டணியில் நின்றாங்க. ஒரு இடமும் கிடைக்கவில்லை. ரெண்டு கட்சிகளும் தலா ஒரு சதவீத ஓட்டைக்கூடத் தொடவில்லை. திண்டுக்கல்லும் கைவிட்டுப் போச்சு. கூட்டணியில் ஜெயித்த ஓட்டில் தன் ஓட்டு எவ்வளவு என்று அன்னிக்குத் தெரிஞ்சது.

2019 தேர்தல் செலவுக் கணக்கில் திமுக, சிபிஐக்கு 15 கோடி ரூபாயும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி ரூபாயும் கொடுத்ததாகக் காட்டியது. தேர்தல் செலவுக்காக வங்கி மூலம் வாங்கியது, ஒளிக்க ஒன்றும் இல்லை என்று கட்சிகள் விளக்கம் கொடுத்தன. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். உண்டியல் ஏந்தி வளர்ந்த கட்சி, தேர்தல் செலவுக்குக் கூட்டாளியின் கையை எதிர்பார்க்கத் தொடங்கினா, அந்தக் கூட்டாளிக்கு எதிரா எழும்பும் குரல் எத்தனை நாள் அதே சத்தத்தில் இருக்கும்? சாம்சங் போராட்டம் இன்னும் சத்தம் இருக்கு என்று காட்டியது. அடுத்த முறையும் இருக்குமா என்பதுதான் கேள்வி.

அதனால அடுத்த முறை ஒரு கம்யூனிஸ்ட் வேட்பாளர் உங்க தெருவுக்கு வந்தா, ஏன் அந்தக் கட்சியோட சேர்ந்தீங்கன்னு கேட்காதீங்க. அந்தக் கேள்விக்கு அவங்ககிட்ட எழுபது வருஷமா பதில் தயாரா இருக்கு. வேற ஒண்ணு கேளுங்க. போன ஆட்சியில உங்க கூட்டாளியை எதிர்த்து எந்தெந்த நாள் தெருவுல நின்னீங்க? அதுல என்ன வாங்கினீங்க? பதில் சொல்ல அவங்க ஊர் பேரும் தேதியும் சொல்லணும். சொல்ல முடிஞ்சா, அந்தக் கூட்டணிக்குள்ள ஒரு தனிக் கட்சி உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

இந்தக் கேள்வி கம்யூனிஸ்டுகளுக்கு மட்டும் இல்லை. உங்க ஆபீஸில் சங்கம் ஆரம்பிக்கிறவங்களுக்கும், அபார்ட்மென்ட் சங்கத்தில் தூய்மைப் பணியாளருக்காகப் பேசுறவங்களுக்கும், காலேஜில் மாணவர் அமைப்பு நடத்துறவங்களுக்கும் இதே சிக்கல் வரும். தனியா நின்னா பலம் கிடையாது. சேர்ந்தா பேச்சு மங்கிப் போகும். ரெண்டுக்கும் நடுவுல நடக்கிற வித்தையைப் பற்றித்தான் நூறு வருஷமா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.

கேள்விகளை அனுப்புங்க. கீழ்வெண்மணி பற்றித் தனி எபிசோடு கேட்டவங்களுக்கு, அது வந்துக்கிட்டே இருக்கு.